இறையிலிச் சங்கங்களும் தேர்தல் மேடையும்

தண்ணீரூற்றிலும் அதனையடுத்த முள்ளியவளையிலும் பதிவு பெற்ற எந்தச் சங்கத்தின் யாப்பை எடுத்துப் பார்த்தாலும், அது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாயினும் மரண உதவிச் சங்கமாயினும் பழைய மாணவர் சங்கமாயினும் கோயிற் பரிபாலன சபையாயினும், இச்சங்கம் கட்சி அரசியலில் ஈடுபடாது என்னும் பொருள்பட ஒரு விதி பெரும்பாலும் இருக்கவே காணலாம். அதனை எழுதியவர் வேறொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதியவராகவே இருப்பார். கைதூக்கி நிறைவேற்றிய அங்கத்தவர்களோ அதைப் பற்றிப் பின்னொரு நாள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் தேர்தல் நெருங்கும் காலத்தில் அத்தகைய சங்கமொன்றின் தலைவர் வேட்பாளர் ஒருவரின் பக்கத்தில் மாலையுடன் அமர்ந்திருப்பதையும், காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு அதே சங்கம் பஸ் கட்டணம் கொடுத்தால் அதன் நோக்கம் யாதென்று விசாரிக்க மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்து நிற்பதையும் வன்னியில் வாழ்பவர் எவரும் அறிவர்.

முதலாவது செயல் கண்டிக்கப்படாமலும் இரண்டாவது செயல் சந்தேகிக்கப்பட்டும் போகின்ற இந்தத் தலைகீழ் நியாயமே என்னை எழுதத் தூண்டியது. பொதுத் தர்மத்துக்கென்று வரிச் சலுகை பெறும் ஸ்தாபனம் கட்சிக்காகவும் வேட்பாளருக்காகவும் உழைத்தல் ஆகாது. துன்புறும் ஜனங்களின் பொருட்டு அது அதிகாரத்தை நோக்கிப் பேசுவதை எவரும் தடுத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் உரத்துச் சொல்வோர் கொழும்பிலும் உளர், புலம்பெயர்ந்த நாடுகளிலும் உளர்.

அரசு வாங்காது விட்ட வரி ஆகாயத்திலிருந்து இறங்கிய தானமன்று. ஒருவரிடம் வாங்காததை அரசு மற்றவர்களிடம் வாங்கிக்கொள்கிறது. வருமான வரியையே அறியாத கடற்கரைப் பெண்ணொருத்தி கடையில் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்தும் மறைமுக வரியும் அந்தப் பள்ளத்தை நிரப்பவே போகிறது. ஆதலால் சலுகை பெற்ற சங்கம் ஒவ்வொன்றிலும், அச்சங்கத்தின் கட்சியை விரும்பாதவருடைய காசும் கலந்திருக்கிறது. அவர் காசைக் கொண்டு அவர் விரும்பாத வேட்பாளருக்குச் சுவரொட்டி ஒட்டுவது எவ்வாறு தர்மமாகும்? நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சோழர் காலத்தில் தேவதானமாகவும் பள்ளிச்சந்தமாகவும் விடப்பட்ட நிலங்கள் இறையிலியாக்கப்பட்டபோது, அச்சலுகையின் காரணமும் எல்லையும் கல்லில் வெட்டப்பட்டன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லரென்று விலக்கி வைத்தன. உறவினரையும் சேர்த்து விலக்கியது சற்று மிகையான தண்டனை என்று இக்காலத்தவர் சொல்லலாம். நம் ஊர்ச் சங்கங்களின் பொருளாளர் பதவி குடும்பத்துக்குள் சுற்றி வரும் விதத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

ஆங்கிலேயரின் சட்டம் இவ்விஷயத்தில் வேறு வழியாக வந்தது. எது தர்மம் என்பதை 1601ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் சட்டமொன்று வரிசைப்படுத்தியது. 1917ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலே பிரபுக்கள் சபை, சட்டத்தை மாற்றும் நோக்கம் தர்மமாகாது, ஏனெனில் அம்மாற்றம் பொதுநன்மை தருமா என்று தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு வழியில்லை என்றது. அதே தர்க்கத்தினால் 1981ஆம் ஆண்டு சர்வதேச மன்னிப்புச் சபையின் நிதியமொன்றும் தர்ம ஸ்தாபனமாக ஏற்கப்படவில்லை. சிறையில் வாடுபவனுக்கு ரொட்டி கொடுத்தால் தர்மம், அவனை விடுவிக்கும்படி அரசைக் கேட்டால் தர்மமன்று என்னும் இந்த நியாயத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு எய்ட்வாட்ச் வழக்கில் ஏற்க மறுத்துவிட்டது; வறுமை நீக்கத்தைப் பற்றிப் பொதுவிவாதம் எழுப்புவதே பொதுநன்மைதான் என்று அந்நாட்டு நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கருதினர். அமெரிக்காவிலோ 1954ஆம் ஆண்டு செனற்றராயிருந்த லிண்டன் ஜோன்சன் கொண்டுவந்த திருத்தம், வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனங்கள் வேட்பாளரை ஆதரிப்பதையோ எதிர்ப்பதையோ முற்றாகத் தடுத்தது, கொள்கை பற்றிப் பேசுவதை ஓரளவு அனுமதித்தது. அத்தடையும் இப்போது தளர்கின்றது. 2025 ஜூலையில் அந்நாட்டு இறைவரித் திணைக்களம் டெக்சாஸ் நீதிமன்றமொன்றில் சமர்ப்பித்த இணக்கப் பத்திரத்தில், வழிபாட்டின்போது போதகர் தம் சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவதை அத்தடை கட்டாது என்று ஒப்புக்கொண்டது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வந்து நிற்கும் ஜனசமுத்திரத்தின் நடுவே, ஒலிபெருக்கியில் இன்ன சின்னத்துக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல அனுமதித்தால் என்ன நிகழும் என்று சிந்திப்பவர்கள், அமெரிக்கர் கைவிடுவதை நாமும் கைவிட வேண்டியதில்லை என்றே முடிவுசெய்வர்.

நம் நாட்டுச் சட்டம் இவற்றுள் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. தொண்டர் சமூக சேவை அமைப்புக்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிடுவதற்கென 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடைகளின் மீதே வரி விதிக்கும் ஏற்பாடு 2006ஆம் ஆண்டு இறைவரிச் சட்டத்தில் வந்து, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்திலும் தொடர்ந்தது. கிடைத்த நன்கொடையில் 3 சதவீதத்தை இலாபம் போலக் கருதி அதன்மேல் வரி அறவிடுவது அதன் முறை. அச்சட்டம் வந்தபோதிருந்த 28 சதவீத வீதப்படி, 100,000 ரூபா நன்கொடைக்கு 3,000 ரூபா வருமானமாக எண்ணப்பட்டு 840 ரூபா வரியாகும். வீதங்கள் பின்னர் மாறின. இடம்பெயர்ந்தோரின் புனர்வாழ்வுக்கும் வாழ்வாதாரத்துக்கும் செலவிடும் நிறுவனங்களுக்கு, அரசு அடையாளங் கண்ட பிரதேசங்களில், இவ்வரியைக் குறைக்கவோ நீக்கவோ ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. மனிதாபிமானச் செயலென்று அமைச்சர் அங்கீகரித்தாலும் அவ்வாறே. கொடுப்பவர் பெறும் சலுகையோ இன்னும் ஒடுக்கமானது: அங்கீகரிக்கப்பட்ட தர்ம ஸ்தாபனமொன்றுக்குத் தனிநபர் கொடுக்கும் பணத்தில், வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றுள் எது குறைவோ அதுவே கழிக்கப்படும், அந்த அங்கீகாரமும் நோயாளரையும் வறியவரையும் நிலையத்தில் வைத்துப் பராமரிப்போருக்கென்று வகுக்கப்பட்டது.

840 ரூபா பெருந்தொகையன்று. ஆனால் அதனை விடுவதும் விடாததும் ஓர் அமைச்சரின், ஓர் ஆணையாளரின் மனத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை, சலுகை உரிமையாகாது, தயவாகவே இருக்கும். தயவில் வாழும் ஸ்தாபனம் தயவு செய்தவரைக் கேள்வி கேட்கத் தயங்கும். அன்றியும், அமெரிக்காவில் தர்ம ஸ்தாபனங்கள் இறைவரித் திணைக்களத்துக்கு அஞ்சுகின்றன. இங்கே அவை அஞ்சுவது வேறோர் அலுவலகத்துக்கு. 1990ஆம் ஆண்டு ஜனாதிபதி பிரேமதாச அரச சார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழுவொன்றை நியமித்தபோது, அதன் கூரிய பார்வை ஏ. ரி. ஆரியரத்னவின் சர்வோதய இயக்கத்தின் மீது விழுந்தது. நிர்வாகத்தில் மோசடி நடந்ததாகத் தோன்றினால் இடைக்கால நிர்வாக சபையொன்றை நியமிக்க 1998ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. 2010ஆம் ஆண்டு அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. முதியோர் இல்லத்தையும் முன்பள்ளியையும் துப்பாக்கி வைத்திருப்போரின் அமைச்சு ஏன் மேற்பார்வையிட வேண்டும் என்ற கேள்விக்கு மரியாதையான விடை எதுவும் அன்றும் கிடைத்ததில்லை. 2014 ஜூலை முதலாந் திகதி அச்செயலகம் விடுத்த அறிவித்தல், ஊடகவியலாளர் மாநாடு நடத்துவதும் அறிக்கை விடுவதும் ஊடகவியலாளர்க்குப் பயிற்சி அளிப்பதும் இந்நிறுவனங்களின் வரம்புக்கு அப்பாற்பட்டவையென்று கூறி அவற்றை நிறுத்தும்படி பணித்தது. கட்சிக் கூட்டம் நடத்தாதீர் என்று அது சொல்லவில்லை. பேசாதீர் என்று சொன்னது.

பேசுவது மட்டுமன்று, நிலத்தில் ஆட்களைக் குடியேற்றுவதும் அரசியலாகவே பார்க்கப்பட்ட ஒரு சரித்திரம் வன்னிக்கு உண்டு. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய காந்தீயம், 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத்தினின்றும் துரத்தப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காணி திருத்திக் கொடுத்தது, கிணறு வெட்டியது, பாலர் பாடசாலைகளை நடத்திப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில் டொலர் பாம், கென்ற் பாம் என்று அழைக்கப்பட்ட பண்ணைகளிலும் அவ்வகதிகள் வாழ்ந்தனர். பெயர் காந்தியின் பெயர். வேலை கைகளால் செய்யும் வேலை. எனினும் எல்லைப்புறத்தில் தமிழரைக் குடியேற்றுவது தர்மமன்று, தந்திரமே என்று அரசு முடிவுகட்டியது. 1983 ஏப்ரலில் இருவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைச்சாலைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையினின்றும் தப்பித் தமிழ்நாடு சென்று, பல தசாப்தங்களின் பின் திரும்பி, 2015ஆம் ஆண்டு கிளிநொச்சியில் மறைந்தார். பண்ணைகளில் இருந்த குடும்பங்கள் 1984ஆம் ஆண்டு அகற்றப்பட்டன. அங்கே சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து குடியிருத்தினார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே அவ்விடத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய படுகொலை வேறொரு கொடுமை.

காந்தீயத்தின் வரலாற்றைச் சொல்லும் நம்மவர் வழக்கமாக இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். நிறுத்தக் கூடாது. அதன் அமைப்பாளராயிருந்த சந்ததியார் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலும் முக்கிய இடம் வகித்தவர். பாலர் பாடசாலைக்கும் ஆயுத இயக்கத்துக்கும் இடையே இருந்த மதில் மிகவும் மெல்லியதாய் இருந்தது. அம்மதில் மெலிந்ததனால் கிணறு வெட்டியது குற்றமாகிவிடாது; சிறைக்குள் வைத்து ஒரு வைத்தியரை அடித்துக் கொன்றதற்கு அது எவ்வகையிலும் சமாதானமும் ஆகாது. ஆயினும், தர்மத்தின் பெயரால் கூடியவர்களை வேறொரு காரியத்துக்குத் திருப்பியவர்கள், கிணற்றைச் சந்தேகிக்க விரும்பியவனின் கையில் ஓர் ஆதாரத்தை வைத்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இதே பாடம் பின்னர் பன்மடங்கு பெரிய அளவில் நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஏதிலிகளின் பொருட்டு ஆரம்பிக்கப்பட்ட தமிழர் புனர்வாழ்வுக் கழகம், புலம்பெயர்ந்த நாடுகள் பலவற்றில் தர்ம ஸ்தாபனமாகப் பதிவாகி, அமெரிக்காவில் வரிவிலக்கும் பெற்று, உண்டியலில் விழுந்த பணத்தையும் மாதாந்த வங்கிக் கட்டளைகளையும் வன்னிக்கு அனுப்பியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது அக்கழகத்தின் தொண்டர்கள் செய்த வேலையை இக்கரையோரத்தில் உயிர்தப்பியவர் எவரும் மறக்கவில்லை. பிரித்தானியத் தர்ம ஆணைக்குழுவோ அதற்கு முன்னரே விசாரணையைத் தொடங்கியிருந்தது; அனுப்பிய பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதற்குத் திருப்தியான கணக்குக் காட்டப்படவில்லையென்று 2005 ஓகஸ்ரில் கழகத்தின் பிரித்தானியக் கிளையைப் பதிவினின்றும் நீக்கியது. 2006இல் இலங்கை மத்திய வங்கி கணக்குகளை முடக்கியது. 2007 நவம்பர் 15இல் அமெரிக்கத் திறைசேரி, கழகம் விடுதலைப் புலிகளின் முகப்பு அமைப்பே என்று கூறிச் சொத்துக்களை முடக்கியது. ஒரு வாரத்தில் இலங்கை அதனைத் தடைசெய்தது.

அக்காலத்து வன்னியில் இயக்கத்தின் சம்மதமின்றி எந்தப் பெரிய ஸ்தாபனமும் நடந்திருக்க முடியாது என்பது இங்கு வாழ்ந்தவர்களுக்கு இரகசியமன்று. பிரித்தானியாவிலிருந்த கணக்காளரும் அமெரிக்காவிலிருந்த மருத்துவரும் அதனை அறியாதிருந்தார்கள் என்று நம்புவது கடினம். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் துரோகியென்ற பெயர் வரும் என்று அஞ்சினர், அல்லது கேட்கவே விரும்பவில்லை. அதன் பலனைச் சுமந்தவர் யார்? கழகத்தின் பணத்தில் ஒரு பகுதியேனும் உண்மையாகவே கூரையாகவும் மருந்தாகவும் வந்துகொண்டிருந்தது. 2008 செப்டெம்பரில் சர்வதேச நிறுவனங்களும் அரச கட்டளைப்படி கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, ஏற்கெனவே மூடப்பட்ட அவ்வழியின் இழப்பு அகதிகளின் தலையிலேயே விழுந்தது.

மறுபுறத்தில் அரசுகளின் சந்தேகமும் எல்லை கடந்தது. லண்டனில் ரூட்டிங் முத்துமாரியம்மன் கோயிலை நடத்திய சிவயோகம் என்னும் தர்ம ஸ்தாபனத்தின் அறங்காவலர் ஒருவரைத் தர்ம ஆணைக்குழு பதவிநீக்கம் செய்தது. 2009 ஒக்டோபரில் தர்ம நியாயாதிக்க மன்றம் அக்கட்டளையை இரத்துச் செய்தது. அமெரிக்காவிலோ அவ்வளவு நியாயம் கிடைக்கவில்லை: தடைசெய்யப்பட்ட இயக்கமொன்றுக்குச் சமாதான வழிகளைக் கற்பிப்பதும், அதன் வழிகாட்டலில் அதற்காக வாதாடுவதும்கூடக் குற்றமாகலாம் என்று 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வாதிகளாயிருந்தோருள் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் சிலவும் இருந்தன. சமாதானம் கற்பித்தலையும் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தலையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம், துப்பாக்கியைத் தேடுபவனை விடச் சமாதானத்தைத் தேடுபவனையே அதிகம் அச்சுறுத்தும்.

ஆகவே கோடு எங்கே விழ வேண்டும்? தூர தேசங்களை விட்டு நம் ஊரெல்லைக்குள்ளேயே உரைத்துப் பார்க்கலாம். 2017 ஜனவரி கடைசியில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படை வசமிருந்த தம் காணிகளின் வாயிலில் இரவும் பகலும் அமர்ந்து, ஒரு மாதத்தில் அவற்றை மீட்டனர். அவ்வாண்டு மார்ச்சிலிருந்து முல்லைத்தீவில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் இப்பகுதியினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் போரின் பின் திரும்பி வந்து, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருக்க இடம் கேட்டன. இம்மூன்று கூட்டத்தாருக்கும் ஒரு சங்கம் பாயும் சோறும் கொடுத்தால், சட்டத்தரணியை அமர்த்தினால், அமைச்சருக்கு மனு எழுதினால், ஊடகவியலாளரை அழைத்தால், அது அரசியலே என்று ஒருவர் சொல்லலாம், நானும் ஆமென்பேன். காணி இல்லாதவனுக்குத் தையல் இயந்திரம் கொடுத்துவிட்டுக் காணியைப் பற்றி வாயை மூடிக்கொள்ளும் தர்மம் அரைத் தர்மமே. இவ்வகை அரசியலுக்குச் சலுகை மறுக்கப்பட்டால், சலுகை அதிகாரத்துக்கு இசைவானவர்க்கே உரியதாகிவிடும்.

சலுகைக்கு வெளியே தள்ள வேண்டியது வேறொன்று. வேட்புமனுக் காலத்துக்குச் சற்று முன்னர் அறக்கட்டளையொன்று முளைக்கிறது. வேட்பாளரின் தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ தாங்கியிருக்கிறது. கொப்பிகளின் அட்டையில் அவர் படம், துவிச்சக்கர வண்டி வழங்கும் வைபவத்தில் அவர் உரை, நிலைய வாகனத்தில் அவர் சுவரொட்டி. பணம் கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ தர்மத்துக்கென்று வந்த பணம். தேர்தல் முடிந்த பின் அறக்கட்டளையின் கதவைத் தட்டினால் திறப்பாரில்லை. தேசியக் கட்சி, தமிழ்க் கட்சி என்ற பேதம் இதில் கிடையாது. 2020ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பாராளுமன்றத் தேர்தல்களைக் கண்ட வாக்காளருக்கு நான் உதாரணம் காட்ட வேண்டியதுமில்லை. காணி கேட்கும் தாயை விசாரிக்க வருகின்ற மோட்டார் சைக்கிள்கள் இவ்வாசலில் நிற்பதைக் கண்டவர் அரிது.

அரச சார்பற்ற நிறுவனங்களுக்குப் புதிய சட்டம் இயற்றும் யோசனை 2018இலிருந்து வரைவுகளாக வந்து வந்து போகிறது. அவ்வரைவுகளில் மேற்பார்வையைப் பற்றி நிறையவே இருந்தன; வேட்பாளரைப் பற்றி அவ்வளவு கவலை தெரியவில்லை. புதிய சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் போதுமானவை என்பேன்: வரிச் சலுகை பெற்ற ஸ்தாபனம் கட்சியையோ வேட்பாளரையோ ஆதரித்தால் அவ்வாண்டுக்கான சலுகையை இழக்க வேண்டும், சட்டத்தையோ அரச கொள்கையையோ அது விமர்சிப்பது சலுகையை மறுப்பதற்கு ஒருபோதும் காரணமாகலாகாது. சலுகை அளிப்பது அமைச்சரின் விருப்பமாயிராமல், நிபந்தனைகளை நிறைவேற்றியவர்க்கெல்லாம் உரியதாக வேண்டும்; மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்ல வழி வேண்டும்; செயலகம் பாதுகாப்போடும் பொலிஸோடும் தொடர்பற்ற அமைச்சொன்றின் கீழ் நிலையாக இருக்க வேண்டும்.

இவை பாராளுமன்றம் செய்ய வேண்டியவை. அதற்குக் காலம் பிடிக்கும். கரைத்துறைப்பற்றுப் பிரதேசத்துச் சங்கங்கள் தம் யாப்பைத் தாமே திருத்திக்கொள்ள எவருடைய உத்தரவும் தேவையில்லை. கட்சி அரசியலில் ஈடுபடாது என்னும் பொதுவிதியோடு, வேட்புமனுவில் கையெழுத்திடும் நிர்வாகி அன்றே காசோலைப் புத்தகத்தையும் கையொப்ப அதிகாரத்தையும் ஒப்படைத்து, முடிவு வர்த்தமானியில் வெளியாகும்வரை பதவியினின்றும் விலகியிருக்க வேண்டும் என்று ஒரு வரியும், வெளிநாட்டிலிருந்து வந்த தொகை ஒவ்வொன்றும் அனுப்பியவர் நாட்டோடும் செலவான விபரத்தோடும் கிராம அலுவலரின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டு, பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும் என்று மற்றொரு வரியும் சேர்த்தாற் போதும். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இதனை முன்மொழிய ஓர் அங்கத்தவரும் வழிமொழிய மற்றோர் அங்கத்தவரும் வேண்டும். அனுப்பும் பணத்துக்கு இதே நிபந்தனையை விதிக்கும் உரிமை ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் உண்டு.